பிளஸ் டூ விடைத்தாள் நகலும் மறுமதிப்பீடும்: 275 ரூபாய்க்கு என்ன கிடைக்கிறது?

தமிழ்நாட்டில் பள்ளிப் படிப்பை முடித்தேன் என்று சொல்ல ஒரே ஒரு தாள்தான் சாட்சி. அரசுத் தேர்வுகள் இயக்ககம் தரும் பிளஸ் டூ மதிப்பெண் சான்றிதழ் அது. பன்னிரண்டு வருடம் ஒழுங்காகப் பள்ளிக்குப் போயிருந்தாலும், மார்ச் மாதம் எழுதிய ஆறு பாடங்களில் தேறினால்தான் படிப்பு முடிந்ததாகக் கணக்கு. ஏறக்குறைய எட்டு லட்சம் பேர் எழுதும் தேர்வில் எங்காவது கூட்டல் பிசகும், எங்காவது ஒரு பக்கம் திருத்துபவர் கண்ணில் படாமல் போகும். அதைச் சரிசெய்துகொள்ள இயக்ககமே மூன்று வழிகளை வைத்திருக்கிறது: விடைத்தாள் நகல், மறுகூட்டல், மறுமதிப்பீடு. தேறாதவர்களுக்கு இவற்றோடு துணைத் தேர்வும் உண்டு. இந்தச் சேவை எப்படி இருக்கிறது, கட்டும் காசுக்குத் தகுமா, எதை முதலில் கேட்க வேண்டும் என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம். கட்டணங்களும் விதிகளும் 2025 தேர்வு வரை நடைமுறையில் இருந்தவை.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். நகல் சேவை நல்ல சேவை. அதை வாங்கிப் பார்க்காமல் வேறு எதற்கும் பணம் கட்டாதீர்கள். நேரடி மறுகூட்டல் பெரும்பாலும் வீண் செலவு. மறுமதிப்பீடு பலன் தரக்கூடியது, ஆனால் ஆசிரியரைக் கலக்காமல் கேட்கக் கூடாது. இந்த மூன்றும் எந்த வரிசையில் வருகின்றன என்பது தெரியாமல் முதல் நாளிலேயே தவறான பெட்டியில் டிக் அடித்து, மறுமதிப்பீட்டுக்கான வழியைத் தாங்களே அடைத்துக்கொள்ளும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இவ்வளவு விரிவாக எழுத வேண்டியிருக்கிறது.

தேறுவதற்கு உண்மையில் எவ்வளவு வேண்டும்

சேவையைப் பார்க்கும் முன், தேர்ச்சி விதியைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். 35 எடுத்தால் பாஸ் என்று பொதுவாகச் சொல்வது பாதி உண்மைதான்.

2019 பிளஸ் டூ தேர்விலிருந்து 1200 மதிப்பெண் முறை போய் 600 மதிப்பெண் முறை வந்தது. ஆறு பாடங்கள், ஒவ்வொன்றும் 100. மொழிப் பாடங்கள், கணிதம், வணிகவியல் போன்றவற்றில் எழுத்துத் தேர்வு 90, அகமதிப்பீடு 10. இயற்பியல், வேதியியல், உயிரியல் போன்ற செய்முறை உள்ள பாடங்களில் எழுத்துத் தேர்வு 70, செய்முறை 20, அகமதிப்பீடு 10. மொத்தத்தில் 35 வேண்டும். அதோடு எழுத்துத் தேர்வில் மட்டும் 90க்கு 25, அல்லது 70க்கு 15 எடுத்திருக்க வேண்டும். செய்முறைத் தேர்வுக்குக் கட்டாயம் வந்திருக்கவும் வேண்டும்.

90 மதிப்பெண் பாடத்தில் இந்த இரண்டாவது நிபந்தனைக்கு வேலையே இல்லை. அகமதிப்பீட்டில் முழு 10 வாங்கினாலும் 35ஐத் தொட எழுத்தில் 25 வந்தே ஆக வேண்டும். செய்முறைப் பாடத்தில்தான் அது கடிக்கும். செய்முறையில் 20, அகமதிப்பீட்டில் 10, எழுத்தில் 14 எடுத்த மாணவருக்கு மொத்தம் 44. அவர் தேறவில்லை. பக்கத்திலேயே கணிதத்தில் 35 வாங்கியவர் தேறிவிடுகிறார். மதிப்பெண் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு "44 இருக்கே, எப்படி ஃபெயில்?" என்று பள்ளியில் சண்டை போடும் பெற்றோர் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். மதிப்பெண் பட்டியலில் எழுத்து, செய்முறை, அக மதிப்பெண்கள் தனித்தனியாக இருக்கும். மொத்தத்தை விட்டுவிட்டு எழுத்து மதிப்பெண்ணை முதலில் பாருங்கள்.

இன்னொரு பக்கமும் உண்டு. இயற்பியல் வினாத்தாளில் ஒரு மதிப்பெண் வினாக்களே 15. அவற்றை மட்டும் சரியாக எழுதிவிட்டால் எழுத்துத் தேர்வின் குறைந்தபட்சம் கைக்கு வந்துவிடும். மீதி 55 மதிப்பெண்ணில் ஒன்றுகூட வாங்காவிட்டாலும், செய்முறையும் அகமும் சேர்ந்து 20ஐத் தொட்டால் தேர்ச்சி. பள்ளிப் படிப்பின் கதவாகப் பார்த்தால் இது தாராளமான கதவு. 2025இல் தேர்வு எழுதிய 7,92,494 பேரில் 7,53,142 பேர் தேறினார்கள், அதாவது 95.03 சதவீதம். மீதி 39,352 பேர். சதவீதமாகச் சின்ன எண்தான். ஆனால் ஒரு நடுத்தர ஊரின் மக்கள்தொகை அது. அவர்கள் அத்தனை பேருக்கும் விடைத்தாளில் என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ளும் உரிமை உண்டு.

கதவு தாராளம்தான். அதே தாள் தரவரிசைக்கும் அடிப்படையாக இருப்பதுதான் சிக்கல். பொறியியல் கலந்தாய்வில் கட்ஆஃப் 200க்குக் கணக்கிடப்படுகிறது: கணிதம் அப்படியே 100, இயற்பியலிலும் வேதியியலிலும் பாதிப் பாதி, 50 வீதம். கணிதத்தில் ஒரு மதிப்பெண் போனால் கட்ஆஃபில் ஒன்று போகும். இயற்பியலில் போனால் அரை. அந்த அரையிலேயே வரிசையில் எத்தனையோ பேர் நிற்கிறார்கள். மருத்துவத்துக்கு 2017 முதல் நீட் மதிப்பெண்தான் என்பதால், அங்கே பிளஸ் டூ தகுதிக்கு மட்டும். இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றிலும் சேர்த்து பொதுப் பிரிவுக்கு 50 சதவீதமும் இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 40 சதவீதமும் இருந்தால் போதும். அதனால் நகல் வாங்குவதா வேண்டாமா என்பது முதலில் பிள்ளை எந்தப் படிப்புக்குப் போகிறது என்பதைப் பொறுத்தது. நீட் வழியாகப் போகிறவர் உயிரியலில் இரண்டு மதிப்பெண்ணுக்காக நகலுக்கும் மறுமதிப்பீட்டுக்கும் சேர்த்து 780 ரூபாய் செலவழிப்பதில் அர்த்தமில்லை. கணினி அறிவியல் கிளைக்குக் காத்திருப்பவருக்குக் கணிதத்தில் அதே இரண்டு மதிப்பெண் கல்லூரியையே மாற்றலாம்.

ஒருமுறை தேறிவிட்டால் மதிப்பெண்ணை உயர்த்திக்கொள்ள மறுபடி எழுத இங்கே வழியில்லை என்பதையும் சேர்த்து யோசியுங்கள். தேறிய மாணவருக்கு மதிப்பெண்ணை மாற்ற இருக்கும் ஒரே வழி இந்தச் சேவைதான்.

விலைப் பட்டியலும் அதில் இருக்கும் கண்ணியும்

ஒரு பாடத்துக்கு விடைத்தாள் நகல் 275 ரூபாய். மறுகூட்டல் 205, உயிரியலுக்கு மட்டும் 305, ஏனென்றால் அதில் தாவரவியல், விலங்கியல் என்று இரண்டு பகுதிகள். மறுமதிப்பீடு 505.

முடிவு வந்த சில நாட்களில் விண்ணப்பம் தொடங்கும். ஐந்தாறு நாட்களில் முடிந்துவிடும். பள்ளி மாணவர்கள் தங்கள் பள்ளியிலும், தனித்தேர்வர்கள் தேர்வு எழுதிய மையத்திலும் விண்ணப்பிக்க வேண்டும். பணத்தையும் அங்கேயே கட்ட வேண்டும். வீட்டிலிருந்தே இணையத்தில் கட்டிவிடலாம் என்று நினைத்துக் கடைசி நாள் வரை இருந்துவிடாதீர்கள். இந்த முதல் கட்டத்தில் ஒரு பாடத்துக்கு இரண்டில் ஒன்றைத்தான் கேட்கலாம்: நகல் அல்லது மறுகூட்டல். நகல் வாங்கியவர்களுக்கு மட்டும் பிறகு இரண்டாவது கட்டம் திறக்கும். அப்போது அவர்கள் மறுகூட்டலோ மறுமதிப்பீடோ, ஏதாவது ஒன்றைக் கேட்கலாம்.

கண்ணி இங்கேதான். 275ஐவிட 205 மலிவாகத் தெரிகிறது. எழுபது ரூபாய் மிச்சம் என்று நேரடியாக மறுகூட்டல் கேட்டவர், அந்தப் பாடத்தில் மறுமதிப்பீட்டுக்கான வழியை இழந்துவிடுகிறார். அவருக்கு விடைத்தாளைப் பார்க்கவும் கிடைக்காது. கூட்டல் சரியாகத்தான் இருந்தது என்று பதில் வந்தால், எந்த வினாவில் எவ்வளவு போனது என்று கடைசிவரை தெரியாது. உயிரியலில் இது இன்னும் வேடிக்கை: நேரடி மறுகூட்டலே 305, நகல் 275. உயிரியலுக்கு நேரடி மறுகூட்டல் கேட்க எந்தக் காரணமும் இல்லை.

ஆகவே கணக்கு இப்படி வரும். நகலைப் பார்த்துத் திருப்தியாகி நின்றுவிட்டால் 275. நகலில் கூட்டல் பிழை மட்டும் கண்டால் 480, உயிரியலில் 580. மறுமதிப்பீடு வரை போனால் 780. சந்தேகம் உள்ள பாடங்களுக்கு மட்டும் கேளுங்கள். ஆறு பாடத்துக்கும் நகல் கேட்டால் 1,650 ஆகிவிடும்.

விண்ணப்பித்ததும் ஒரு ஒப்புகைச் சீட்டு தருவார்கள். அதில் இருக்கும் விண்ணப்ப எண் இல்லாமல் நகலைப் பதிவிறக்க முடியாது. கையில் வாங்கியதும் பதிவெண், பாடம், எதற்கு விண்ணப்பித்தீர்கள் என்ற மூன்றையும் அங்கேயே நின்று சரிபாருங்கள். போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

நகலை எப்படிப் படிப்பது

நகல் இணையத்தில் வந்ததும் முதலில் கோப்பைச் சேமித்து, ஒரு பிரிண்ட் எடுங்கள். திரையில் பார்த்தால் சிவப்பு மையில் இருக்கும் அரை மதிப்பெண் கண்ணுக்குத் தப்பும்.

தேர்வு அறையில் தரும் விடைத்தாளோடு ஒரு முகப்புத்தாள் தைக்கப்பட்டிருக்கும். மாணவரின் படம், பதிவெண், பாடம், தேதி எல்லாம் அதில் முன்பே அச்சாகியிருக்கும், பட்டைக் கோடும் உண்டு. மாணவர் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டால் போதும். திருத்துபவர் கைக்குப் போகும்போது மாணவரின் அடையாளம் உள்ள பகுதி பிரிக்கப்பட்டுவிடும். யாருடைய தாள் என்று தெரியாமலே திருத்துகிறார்கள். இந்தத் தேர்வின் மிகப் பெரிய பலம் இதுதான். உள்ளூர்ப் பள்ளி, பெரிய பள்ளி என்ற பேதம் திருத்தும் மேஜைக்கு வருவதில்லை.

விடைத்தாள் திருத்தும் முகாமில் உதவித் தேர்வாளர் திருத்திய பிறகு, கூர்ந்தாய்வு அலுவலர் விட்டுப்போனது இருக்கிறதா என்று பார்ப்பார், முதன்மைத் தேர்வாளர் மேற்பார்வை செய்வார், மதிப்பெண் சரிபார்ப்பவர் கூட்டலைப் பார்ப்பார். இத்தனை கண்களைத் தாண்டியும் தவறு தப்பும் இடங்கள் சில இருக்கின்றன. நகலில் அவற்றைத்தான் தேட வேண்டும்.

முதலில் பக்கங்கள். நீங்கள் எழுதிய கடைசி விடை நகலில் இருக்கிறதா என்று பாருங்கள். நடுவில் ஒரு பக்கத்தை வெற்றாக விட்டு அடுத்ததில் தொடர்ந்திருந்தால், அந்தத் தொடர்ச்சியில் திருத்திய அடையாளம் இருக்கிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு விடைக்கும் பக்கத்தில் ஒரு எண் இருக்க வேண்டும், அது பூஜ்ஜியமாக இருந்தாலும் சரி. எண்ணே இல்லாத விடை என்றால் அது திருத்தப்படாத விடை. அடுத்து, உள்ளே போட்ட எண்ணும் முன்பக்க அட்டவணையில் அந்த வினாவுக்கு நேரே எழுதிய எண்ணும் ஒன்றா என்று ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். உள்ளே 5 என்று இருப்பது முன்னே 3 ஆகியிருக்கலாம். 1ம் 7ம் கையெழுத்தில் குழம்பியிருக்கலாம். இதை இரண்டு பேராகச் செய்வது நல்லது. ஒருவர் உள்ளேயிருந்து படிக்க, மற்றவர் முன்னே பார்த்துச் சரி சொல்ல வேண்டும். கடைசியாகத்தான் கூட்டல்.

கூட்டலைப் பகுதி பகுதியாகப் போடுங்கள். இயற்பியல் என்றால் முதல் பகுதி 15க்கு, இரண்டாவது ஆறு வினா 12க்கு, மூன்றாவது ஆறு வினா 18க்கு, நான்காவது ஐந்து வினா 25க்கு. உதாரணமாக 13, 10, 15, 19 என்று வந்தால் 57. முகப்பில் 47 என்று இருந்தால் பத்து மதிப்பெண் ஒரே ஒரு கைமீதிப் பிசகில் போயிருக்கிறது. கணிதத்தில் 20, 14, 21, 35 என்று பகுதிகள் பிரியும், மொத்தம் 90.

இதுவரை சொன்னதற்கு ஆசிரியர் தேவையில்லை. வீட்டில் கூட்டத் தெரிந்த யாரும் செய்யலாம். இதற்குப் பிறகு, கொடுத்த மதிப்பெண் நியாயமா என்ற கேள்வி வரும்போது பாட ஆசிரியர் கட்டாயம் வேண்டும், அதுவும் திருத்தும் பணிக்குப் போன அனுபவம் உள்ளவராக. அவர் கையில் விடைக்குறிப்பு இருக்கும். பிள்ளை எழுதியது சரியா என்பதை விட, விடைக்குறிப்பின்படி அதற்கு எவ்வளவு என்பதுதான் அவர் பார்ப்பது.

ஒரு மதிப்பெண் வினாக்களை எடுத்துக்கொள்ளுங்கள். வினாத்தாளிலேயே "குறியீட்டுடன் விடையினையும் சேர்த்து எழுதவும்" என்று இருக்கும். குறியீடு சரி, பக்கத்தில் எழுதிய விடை தவறு என்றால் பூஜ்ஜியம். விடை சரி, குறியீடு தவறு என்றாலும் பூஜ்ஜியம். (ஆ) என்று போட்டுவிட்டு (இ)க்கு உரிய விடையை எழுதிய பிள்ளைக்கு மறுமதிப்பீடு கேட்டாலும் அந்த ஒன்று திரும்ப வராது. கணக்கு வகை வினாவில் நிலைமை வேறு. சூத்திரம் எழுதாமல் போயிருந்தாலும், அடுத்தடுத்த படிகள் சரியாக இருந்தால் அந்தப் படிகளுக்கு உரிய மதிப்பெண்ணைத் தர வேண்டும் என்பது இயற்பியல் விடைக்குறிப்பில் உள்ள அறிவுரை. ஐந்து மதிப்பெண் கணக்கில் முதல் வரி இல்லை என்று முழுவதையும் அடித்திருந்தால், அது மறுமதிப்பீட்டில் பேசக்கூடிய இடம். விளக்க விடைகளில் மாணவர் தன் சொந்த நடையில் எழுதலாம், கருத்து மாறாமலும் எந்தக் குறிப்பும் விடுபடாமலும் இருந்தால் போதும் என்பதும் அதே அறிவுரையில் உண்டு. புத்தக வரியில்லை என்பதற்காக மதிப்பெண் குறைந்திருந்தால் அதையும் கேட்கலாம். வரைபடத்தில் இரண்டு அச்சுகளுக்கும் பெயர் எழுதவில்லை என்று குறைத்திருந்தால் கேட்டுப் பயனில்லை.

வினா எண்ணை மாற்றி எழுதுவது பரிதாபமான இழப்பு. 26க்கான விடையை 27 என்று எண் போட்டு எழுதினால், திருத்துபவர் 27ஐ வைத்துக்கொண்டு படிப்பார். கருணையோடு பார்த்தால் தருவார், விதிப்படி தரவேண்டியதில்லை. கட்டாய வினாக்களில் இது அதிகம் நடக்கும். இயற்பியலில் 24ம் 33ம், கணிதத்தில் 30ம் 40ம் கட்டாயம். அவற்றை விட்டுவிட்டு வேறொன்றைக் கூடுதலாக எழுதினால் ஈடாகாது.

மறுமதிப்பீடு: எப்போது, எப்போது வேண்டாம்

மறுமதிப்பீட்டில் முழு விடைத்தாளும் மறுபடி திருத்தப்படும். நீங்கள் சுட்டும் ஒரு வினாவை மட்டும் பார்ப்பது கிடையாது. மதிப்பெண் கூடலாம், குறையலாம், அப்படியே இருக்கலாம். முதல் திருத்தத்தில் தாராளமாகப் போட்டிருந்த ஒரு மூன்று மதிப்பெண் வினா இரண்டாவது கண்ணில் இரண்டாகிவிடக்கூடும்.

அதனால் ஆசிரியரிடம் நகலைக் காட்டும்போது எங்கே கூடும் என்று மட்டும் கேட்காதீர்கள், எங்கே அதிகமாகக் கிடைத்திருக்கிறது என்றும் கேளுங்கள். கூட வேண்டியது, குறைய வாய்ப்புள்ளது என்று இரண்டு வரிசை எழுதிக் கழித்துப் பாருங்கள். நிச்சயமாக இரண்டு மதிப்பெண்ணுக்கு மேல் லாபம் தெரிந்தால் 505 கட்டலாம். அரை மதிப்பெண் அங்கே, அரை மதிப்பெண் இங்கே என்ற அளவில்தான் இருக்கிறது என்றால் விட்டுவிடுங்கள். திருத்தப்படாத விடை ஒன்று அகப்பட்டால் யோசிக்கவே வேண்டாம், மறுமதிப்பீடே கேளுங்கள். பிழை கூட்டலில் மட்டும்தான் என்று உறுதியானால் 205 ரூபாய் மறுகூட்டல் போதும். அந்த இடத்தில் மறுமதிப்பீடு கேட்டு மற்ற விடைகளையும் திறந்துவிடுவது தேவையில்லாத ஆபத்து.

34இல் நின்றவர், அல்லது எழுத்தில் 14இல் நின்றவர், இந்தக் கணக்கையெல்லாம் பார்க்க வேண்டியதில்லை. அவருக்கு இழக்க ஒன்றுமில்லை. நகல் வாங்கி, மறுமதிப்பீடும் கேட்டு, அதே வாரத்தில் துணைத் தேர்வுக்கும் விண்ணப்பித்துவிட வேண்டும். மறுமதிப்பீட்டு முடிவு வரட்டும் என்று துணைத் தேர்வு விண்ணப்பத்தைத் தள்ளிப்போடுவதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. ஒரு வருடத்தையே விழுங்கிவிடும்.

துணைத் தேர்வு இந்த அமைப்பின் மிக நல்ல பகுதி என்றே சொல்ல வேண்டும். 2025இல் மே 8 அன்று முடிவு வந்தது. ஜூன் 25 அன்று துணைத் தேர்வு தொடங்கியது. இடையில் 48 நாள். தேறாத பாடத்தை மட்டும் எழுதினால் போதும். தேறியவர் அதே ஆண்டில் கல்லூரிக்குப் போகலாம், பொறியியலில் அவர்களுக்கென்றே துணைக் கலந்தாய்வு நடக்கிறது. முடிவு வந்த அன்று வீடு இருண்டு கிடக்கும்போது பிள்ளையிடம் முதலில் சொல்ல வேண்டியது இந்த 48 நாள் கணக்கைத்தான். மன ஆலோசனைக்கு 104, பள்ளிக் கல்வித் துறையின் உதவிக்கு 14417. இரண்டு எண்களையும் முடிவு வருவதற்கு முன்பே எழுதி வையுங்கள்.

மற்ற இடங்களோடு வைத்துப் பார்த்தால்

சிபிஎஸ்இயில் 2025இல் பன்னிரண்டாம் வகுப்பு விடைத்தாள் நகல் ஒரு பாடத்துக்கு 700 ரூபாய். அங்கே மறுமதிப்பீடு வினா வாரியாக, ஒரு வினாவுக்கு 100 ரூபாய். சந்தேகமுள்ள வினாவை மட்டும் கேட்கலாம் என்பது நல்ல ஏற்பாடு, தமிழ்நாடு அதை எடுத்துக்கொள்ளலாம். அங்கே முன்பு மதிப்பெண் சரிபார்ப்பு முதலில், நகல் அதற்குப் பிறகு என்று இருந்தது. 2025இல்தான் நகல் முதலில் என்று மாற்றினார்கள். பார்க்காமலே பணம் கட்டச் சொல்வது சரியில்லை என்று அவர்களுக்கும் பட்டிருக்க வேண்டும். தமிழ்நாட்டின் விலை குறைவு, வழியும் எளிது. தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் தேர்ச்சி 33 சதவீதம், ஐந்து ஆண்டுகளில் ஒன்பது முறை வரை எழுதலாம். வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவர்களுக்கு அது பொருத்தம்.

பொதுத் தேர்வில் தேறினால்தான் பள்ளிப் படிப்பு முடிந்தது என்ற விதியே வேண்டுமா என்ற கேள்வியும் உலகில் நடக்கிறது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 2003இல் பள்ளி முடித்தவர்கள் தொடங்கி இப்படியொரு விதி இருந்தது. பத்தாம் வகுப்பில் எழுதும் எம்கேஸ் தேர்வில் தேறாமல் பட்டயம் கிடையாது. 2024 நவம்பரில் மக்கள் வாக்களித்து அந்த விதியை நீக்கினார்கள். தேர்வு தொடர்கிறது, கதவாக மட்டும் இல்லை. இங்கே 2021இல் கொரோனாவால் தேர்வே நடக்கவில்லை. பத்தாம் வகுப்பில் அதிகம் வாங்கிய மூன்று பாடங்களின் சராசரிக்கு 50, பிளஸ் ஒன்னுக்கு 20, பிளஸ் டூ செய்முறைக்கும் அகமதிப்பீட்டுக்கும் 30 சதவீதம் என்று பிரித்து மதிப்பெண் போட்டார்கள். திருப்தியில்லாதவர்கள் ஆகஸ்டில் எழுதிக்கொள்ள வாய்ப்பும் தந்தார்கள். தேர்வு இல்லாமலும் பள்ளிப் படிப்பை முடித்துவைக்க முடியும் என்று அந்த வருடம் காட்டியது. தரவரிசைக்கு அது ஈடு கொடுக்குமா என்றால் கொடுக்காது. அகமதிப்பீட்டை எல்லாப் பள்ளிகளும் ஒரே தராசில் நிறுப்பதில்லை. அடையாளம் தெரியாமல் திருத்தப்படும் பொதுத் தாள்தான் சின்ன ஊர்ப் பிள்ளைக்கு இன்றும் பெரிய பாதுகாப்பு. அந்தப் பாதுகாப்பை நம்ப வேண்டுமென்றால், தன் தாளைப் பார்க்க அந்தப் பிள்ளைக்கு 275 ரூபாய் தடையாக இருக்கக் கூடாது. தேறாத மாணவர்களுக்காவது நகலை இலவசமாகத் தர வேண்டும். இந்தச் சேவையில் எங்களுக்குள்ள பெரிய குறை அதுதான்.

இன்னொரு குறை தகவல் சொல்லும் விதம். மறுகூட்டல், மறுமதிப்பீடு முடிவுகள் வரும்போது, மதிப்பெண் மாறியவர்களின் பதிவெண்கள் மட்டும் பட்டியலாக இணையதளத்தில் வரும். பட்டியலில் உங்கள் எண் இல்லையென்றால் மாற்றமில்லை என்று நீங்களே புரிந்துகொள்ள வேண்டும். தனியாக யாரும் பதில் அனுப்ப மாட்டார்கள். நாள்தோறும் பார்த்துக்கொண்டிருங்கள், நாளிதழ்களில் தேதி வரும். எண் இருந்தால், பதிவெண்ணையும் பிறந்த தேதியையும் கொடுத்துத் திருத்திய மதிப்பெண் பட்டியலைப் பதிவிறக்கி, பொறியியலுக்கு விண்ணப்பித்திருந்தால் அன்றே சேவை மையத்துக்குக் கொண்டுபோய் மாற்றம் ஏறிவிட்டதா என்று திரையில் பார்த்துவிட்டு வாருங்கள். தரவரிசைப் பட்டியல் வந்த பிறகு போனால் அலைச்சல் இரட்டிப்பாகும்.